ஊற்றாமல் விட்ட ஆயில்

எனக்குக் கோவையாக எழுத வராது, கேட்டதில் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். போன திங்கட்கிழமை காலை, மீனாட்சிபுரத்திலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் திடீரென்று எழுந்து நின்றார்.

“இந்தா, நான் இஞ்சினுக்குப் புது ஆயிலு ஊத்துனனா?”

“என்னையக் கேட்டா? பழைய டீசல் கார வாங்கிப்போட்டு, மெக்கானிக் எதுக்கு, நானே பாத்துக்கறேன்னு அதுக்கடியில படுத்துக் கெடந்தது நீங்கதானுங்க.”

“பழைய ஆயில வடிச்சிட்டேன். புதுச ஊத்தப் போறப்ப, ராகு காலம், ஒம்பதுக்கு மேல ஊத்துங்கன்னு தடுத்தது ஆரு?”

“நாந்தானுங்க. ஒம்பதானதும், ஆஸ்பத்திரில முன்னாடியே சீட்டு எடுக்கோணும்னு என்னைய பஸ்ஸுக்கு இழுத்துட்டு வந்தது ஆருங்க?”

“அய்யோ, பத்து மணிக்கு உன்ற தம்பி மாசமா இருக்கற நம்ம பொண்ண அதே கார்லதான கூட்டிட்டுக் கெளம்புவான்! ஆயிலில்லாம ஓட்டுனா இஞ்சின் நடுவழியில இறுகிப் போயிருமே!”

“அவங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களா?”

“நீ சொல்லியிருப்பேன்னு...”

“ஏனுங்க கண்டக்டரே, நிறுத்துங்க!” என்று அந்தம்மாள்தான் கத்தினாள். இருவரும் இறங்கி, வந்த வழியே ஓடினார்கள். அப்போது மணி பத்தாகக் கால் மணி இருந்தது.

ஆயில் இல்லாமல் அந்த இஞ்சின் எத்தனை மைல் தாங்கும் என்று வண்டி தெரிந்தவர் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.