சாவி கூரியரில் வரும்

வீட்டைப் படம் எடுக்கக் காலை வெயில்தான் சரி சார். மத்தியானத்தில் எடுத்தால் சுவரில் இருக்கும் கீறலெல்லாம் பல்லை இளிக்கும். தரகராகச் செருப்புத் தேய அலைந்த காலத்தில் கற்றுக்கொண்டது. வீடு அமைந்ததும், கமிஷன் கேட்டால் எல்லோருக்கும் கை சுருங்கிவிடும். அதனால்தான் இல்லாத வீட்டைக் காட்டும் தொழிலுக்கு வந்தேன்.

காலை வெயிலில் எடுத்த நல்ல படங்களாக இணையத்தில் பொறுக்குவேன். அக்கம்பக்கத்து வாடகையில் பாதி போட்டு விளம்பரம் கொடுப்பேன். நான்தான் வீட்டுக்காரன், வெளிநாட்டில் வேலை, முன்பணம் வந்ததும் சாவி கூரியரில் வரும் என்பேன். கொஞ்சம் யோசித்தாலே குட்டு உடைந்துவிடும். வீட்டுக்குள் கால் வைத்துப் பார்க்காமல் யாராவது பணம் கொடுப்பார்களா? தெரிந்தவரை அனுப்பிப் பார்க்கிறேன் என்றவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு ஒதுங்கிவிடுவேன். தப்பிக்க எல்லோருக்கும் வழி வைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணும் விவரமானவள்தான். தையல் கடையில் வேலை. வீட்டை நேரில் பார்க்க மத்தியானம் வரை அவகாசம் கேட்டாள். இன்னொரு குடும்பம் இப்போதே பணம் கட்டத் தயார் என்றேன். பிறகு மனம்விட்டுச் சொன்னாள். புருஷன் அடிப்பானாம். போன மாதம் சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் வைத்துத் தேய்த்திருக்கிறான். வீட்டை விட்டுப் போனால் உயிரோடு விடமாட்டேன் என்றிருக்கிறான். வெளியூர் போனவன் இரவு திரும்புவதற்குள் மகளோடு கிளம்ப வேண்டுமாம்.

பொறுமையாகக் கேட்டேன். இப்படிப்பட்டவர்கள் எங்களுக்கு வசதி. நேரில் வந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று மட்டும் கேட்டாள். இரண்டு உண்டு என்றேன். சிரித்தாள். தோட்டை விற்றுப் பணம் அனுப்பினாள். கூரியருக்கு நேரமில்லை, சாவியோடு ஆள் வாசலில் நிற்பான் என்றேன்.

சாயங்காலம் மகளையும் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு நான் கொடுத்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். வருடக்கணக்காக அங்கே குடியிருக்கும் பெரியவர் திறந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டுச் சாத்திக்கொண்டார்.

பணம் வந்ததும் சிம்மைத் தூக்கிப் போடுவது என் வழக்கம். அன்றைக்கு இன்னொருவர் பணம் அனுப்ப வேண்டியிருந்ததால் வைத்திருந்தேன். அந்த வீட்டுப் படிக்கட்டிலிருந்து போனில் கூப்பிட்டாள். திட்டவில்லை.

"அண்ணா, நான் வீடு மாறி வந்துட்டேனா?" என்றாள்.

எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. சின்னக் குழப்பம், காலையில் சரியாகிவிடும் என்றேன்.

"தெருமுனையில போலீஸ் ஸ்டேஷன் இருக்கு. ராத்திரி மட்டும் அங்க போய் உட்கார்ந்துக்கட்டுமா அண்ணா?"

உங்கள் ஸ்டேஷன்தான் சார். அங்கே வந்தால் நீங்கள் விசாரிப்பீர்கள், என் வங்கிக் கணக்கு எண் வெளியே வரும்.

"அங்கெல்லாம் எதுக்கும்மா, குழந்தைய வச்சுக்கிட்டு? பேசாம வீட்டுக்குப் போ. அவர் வர்றதுக்குள்ள சாமானை எல்லாம் இருந்த இடத்துல வச்சுடு. காலைல சாவி கொடுத்தனுப்பறேன்."

சரிண்ணா என்றாள்.

அவளுக்கு முன்பே அவன் வந்துவிட்டான். மற்றது உங்களுக்குத் தெரியும். குழந்தை பக்கத்து வீட்டுக்கு ஓடித் தப்பித்தது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிம்மதியாக இருந்தது.

அவளைக் கொன்றது அவன்தான். என்ன செய்வான் என்று தெரிந்தும் அவளை அங்கே அனுப்பியது நான், அதை மறைக்கவில்லை. ஆனால் அவள் கூப்பிட்டபோது எடுத்துப் பேசினேன். இந்தத் தொழிலில் வேறு எவனாக இருந்தாலும் போனை அணைத்துப் போட்டு, அவளை நட்டாற்றில் விட்டிருப்பான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார்.