காலடி கேட்காத அந்த ஒரு மூச்சு

மார்பில் மலர் சூடி, மேடையின் நடுவே வீற்றிருக்கும் ஹேசன் வட்டாரத் தலைவர், மதிப்பிற்குரிய தோ குவாங்-மின் அவர்களே! என்னைப் பெயர் சொல்லிக் கண்டித்து வளர்த்த இந்தக் கடற்கரையின் பெரியோர்களே! சிப்பி பொறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தரையில் சம்மணமிட்டு, மட்டையை மடியில் வைத்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே! உங்கள் பியோன் சுன்-ஹா உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த அரங்கத்துக்கு என் பெயரைச் சூட்டப் போகிறீர்கள். வாசலில் பலகை இருக்கிறது, பலகை மேல் துணி இருக்கிறது, துணியின் கயிறு இந்த மேடை வரைக்கும் வந்து என் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. நான் நாலு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். நீங்கள் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும். அரிசிப் பலகாரம் ஆறிப்போகிறதே என்று முன்வரிசையில் ஒரு அம்மா முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இன்று நான் உங்களைக் கொஞ்சம் காக்க வைக்கத்தான் போகிறேன்.

சற்று முன் இந்தத் திரையில் என் வாழ்க்கையைப் படமாக ஓட்டினீர்கள். கோபன்ஹேகனில் வென்றது வந்தது. ஜகார்த்தாவில் அழுதது வந்தது. பதக்கம் வந்தது, பாராட்டு வந்தது, நாட்டு அணியில் ஆடிய பதினோரு ஆண்டும் வந்தது. எல்லாம் வந்தது, ஒரே ஒரு ஆட்டம் வரவில்லை! எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் என் மேல் இரக்கப்பட்டு வெட்டியிருக்கிறார். அந்த ஆட்டத்தில்தான் என் முதல் ஜோடி, ஓக் கும்-ஓக், இடது கண்ணை இழந்தாள்.

கும்-ஓக்கை இந்த ஊருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? சந்தையில் ஊறுகாயும் பக்க உணவும் விற்றாளே, அந்தக் கும்-ஓக்தான். என்னைவிட ஒரு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார்கள். நான் உயரம், பின்னால் நின்று ஓங்கி அடிப்பவள். அவள் குட்டை, வலையோரம் குனிந்து நின்று வருவதையெல்லாம் தட்டி வீழ்த்துபவள். ஒன்பது ஆண்டு ஒரே அறை, ஒரே பாய், ஒரே வலி நிவாரணிக் களிம்பு.

இரட்டையர் ஆட்டத்தில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து இறகுப்பந்து அம்பாய் வரும். திரும்பினால் முகத்தில் வாங்க வேண்டியதுதான். அப்படியானால் பின்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காதால் தெரியும். கூட்டாளியின் காலணி தரையில் கிறீச்சிடும் ஓசை கேட்கும். அந்த ஓசையை வைத்தே அவள் இடம் மாறுவாள். கும்-ஓக் என் காலடியைக் கேட்டே நான் எந்த மூலைக்கு அடிப்பேன் என்று சொல்லிவிடுவாள்.

"அக்கா, உன் கால் பொய் சொல்லத் தெரியாத கால்" என்பாள்.

நாட்டு அணித் தேர்வின் இறுதி ஆட்டம் அன்று. அன்றுதான் அவள் பிறந்தநாளும். பிறந்தநாளென்றால் நம் வீட்டில் கடற்பாசிச் சூப்பு இல்லாமல் முடியுமா? ஆனால் ஆட்ட நாளில் அந்த வழுக்கும் பாசியைத் தொட்டால் வெற்றியும் வழுக்கிவிடும் என்று நமக்குப் பயம். கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். "நாளைக்கு ரெண்டு கிண்ணமா குடிச்சுக்கறேன் அக்கா. நீ பாட்டுக்கு அடி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரம், நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் அணிக் கோச் யோம் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். அவர் இன்று உயிரோடு இல்லை. பழியை அவர் மேல் போட்டுத் தப்பிக்கவும் நான் வரவில்லை. அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

"சுன்-ஹா, உன் கைக்கு உலகப் பட்டமே வரும். ஆனா இந்தக் குட்டச்சிய முன்னால வெச்சுக்கிட்டு வராது. வேற ஒருத்திய பாத்து வெச்சிருக்கேன். நல்ல உசரம், நல்ல வேகம்."

"கும்-ஓக் என்ன ஆவா சார்?"

"இன்னிக்கு ஜெயிச்சிட்டீங்கன்னா சங்கம் உங்க ஜோடியப் பிரிக்க விடாது. நாலு வருஷத்துக்கு இதே கதிதான். தோத்துடுன்னு நான் சொல்லல. நான் எதுவுமே சொல்லல. நீயே யோசிச்சுக்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "போங்க சார்" என்று சொல்லியிருக்க வேண்டாமா? ஓடிப்போய் அவளிடம் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? ஒன்பது ஆண்டு உடன் உறங்கியவளுக்கு ஒரு வாக்கியம் தர எனக்கு வாய் வரவில்லையே! நான் யோசித்தேன். தாழ்வாரத்திலிருந்து ஆடுகளம் வரை இருபது அடி நடப்பதற்குள் நான் யோசித்து முடித்திருந்தேன்.

மூன்றாவது, கடைசி செட். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. எதிரணி உயரமாகத் தூக்கி அடித்த இறகு மெல்ல இறங்குகிறது. இரண்டே எட்டு வைத்தால் என் கைக்கு வரும். கும்-ஓக் முன்னால் குனிந்து நிற்கிறாள். நான் எட்டு வைக்கவில்லை. நின்றேன். ஒரு மூச்சு நேரம் நின்றேன். விழட்டும் என்று நின்றேன்! இருபத்தாறு ஆண்டு நான் யாரிடமும் சொல்லாதது இதுதான், இப்போது இத்தனை பேருக்கு முன்னால் சொல்கிறேன்.

காலடி கேட்கவில்லை. ஒன்பது ஆண்டில் முதல் முறையாக அவள் முதுகுக்குப் பின்னால் ஓசையில்லை. அவள் திரும்பினாள்.

அதே நொடியில் எனக்கு வெட்கம் வந்தது. பயிற்சி பெற்ற கை சும்மா இருக்குமா? பாய்ந்தேன், அடித்தேன். ஆனால் தாமதம். உரிய நேரத்தில் அடித்திருந்தால் இறகு அவள் தலைக்கு மேலே போயிருக்கும். தாமதமானதால் தாழ்ந்து, நேராக, அவள் முகத்துக்குப் போனது.

மறுநாள் மருத்துவமனையில் அவள் அம்மா அந்தச் சூப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தார். இடது கண்ணில் கட்டு. கரண்டியைக் கிண்ணத்துக்கு வெளியே போர்வையில் விட்டுவிட்டு, கும்-ஓக் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மன்னிச்சிரு அக்கா. உன் கால் சத்தமே கேக்கல. சுளுக்கிக்கிட்டியோன்னு பயந்து திரும்பிட்டேன். திரும்பக் கூடாதுன்னு தெரியாதவளா நான்? உன் ஆட்டத்தையே கெடுத்துட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லடி" என்றேன். கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்! கண்ணைப் பறித்தவள், பறிகொடுத்தவளை, பெரிய மனசு பண்ணி, மன்னித்தேன்!

"ஐயோ" என்கிறார் ஒரு தாய். "அது ஆட்டத்துல நடக்கறதுதானே" என்கிறார் அங்கே ஒரு பெரியவர். இல்லை ஐயா. ஆட்டத்தில் நடப்பது விபத்து. நான் நின்றது விபத்து இல்லை. பத்திரிகை எழுதியது, "வலையோர வீராங்கனையின் பிழை" என்று. கோச் சொன்னார், ஊர் சொன்னது, இதே ஊரில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னீர்கள், "கும்-ஓக் மாதிரி திரும்பாதே" என்று. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். புது ஜோடியோடு உலகம் சுற்றினேன். எந்த மேடையில் ஏறினாலும் பக்கத்தில் நின்றவளின் உயரம் எனக்குப் பழகவே இல்லை.

ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. தேநீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகும். அந்தக் கையால் அவள் காய் நறுக்கிக் கடை நடத்தினாள். குளிர்காலம் தவறாமல் எனக்கு ஒரு பெட்டி கிம்ச்சி ஊறுகாய் அனுப்பினாள். பிழைக்குப் பரிகாரமாம்! நானும் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் "பரவால்லடி" என்றே சொல்லி, அதைத் தின்றேன்.

சென்ற குளிர்காலம் பெட்டி வரவில்லை. இறப்புச் செய்திதான் வந்தது. துக்க மண்டபத்தில் அவள் படத்துக்கு முன் இரண்டு முறை விழுந்து வணங்கினேன். கறுப்பு உடையில் அவள் மகள் சோ-தாம் எனக்கு எதிர் வணக்கம் செய்துவிட்டுச் சொன்னாள்: "பெரியம்மா, அம்மா கடைசி வரைக்கும் உங்களையேதான் சொன்னாங்க. 'அக்கா ஆட்டத்த நான் கெடுத்துட்டேன், என் சார்புல மன்னிப்புக் கேட்டுடு'ன்னாங்க."

அப்போதாவது சொன்னேனா? சொல்லவில்லை! அங்கே வைத்த காரச் சூப்பைக் குடித்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சோ-தாம் இங்கே வந்திருக்கிறாள். ஐந்தாவது வரிசை. நான்தான் அழைத்தேன். சோ-தாம், உன் அம்மா தப்பு செய்யவில்லை. அவள் கேட்ட மன்னிப்பு ஒவ்வொன்றும் நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டியது.

எழுந்து என்னவோ கேட்கிறாள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையா? நானே திருப்பிச் சொல்கிறேன். "எங்கம்மா உசுரோட இருந்தப்ப ஏன் சொல்லல? இப்ப இத்தன பேரு முன்னால எதுக்கு சொல்றீங்க? யாருக்காக?" என்று கேட்கிறாள்.

சரியான கேள்வி. பயந்தேன் சோ-தாம். அவள் என்னை மன்னித்துவிடுவாள் என்று பயந்தேன். அதை வாங்கிக்கொண்டு எப்படி வாழ்வது என்று தெரியவில்லை. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

போகிறாள். தடுக்காதீர்கள், வழிவிடுங்கள். அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள் தம்பி, அது இழுத்தால்தான் திறக்கும். அழைத்து வந்து அழ வைத்துவிட்டேன், அதுவும் என் கணக்கிலேயே இருக்கட்டும்.

அவையோரே! முன்னால் நிற்பவள் திரும்பக் கூடாது என்று சொல்கிறோமே, பின்னால் நிற்பவள் நிற்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறோமா? முதுகைக் காட்டி நிற்பவள் நம்மிடம் உயிரைக் கொடுத்து நிற்கிறாள். கணவன் முன்னால் நிற்கலாம், மனைவி முன்னால் நிற்கலாம், படகில் கூட வருபவன் நிற்கலாம். அவர்களுக்கு நம் காலடி கேட்க வேண்டாமா? தோற்றாலும் ஓடித் தோற்க வேண்டாமா? ஒரு மூச்சு நேரம் நாம் நின்றால், அவர்கள் ஆயுள் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்களே!

தலைவர் அவர்களே, உங்கள் அன்புக்குத் தலை வணங்குகிறேன். இந்தக் கயிற்றை நான் இழுக்கப் போவதில்லை. துணியோடு சேர்த்துப் பலகையையும் இறக்கிவிடுங்கள். கும்-ஓக் பெயரை எழுதச் சொல்லியும் நான் கேட்க மாட்டேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை, சோ-தாம் ஒருத்திக்கே உண்டு.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும், இங்கு வராதவர் ஒருவரிடமாவது சொல்லுங்கள்: கும்-ஓக் பிழை செய்யவில்லை, அக்காவுக்கு அடிபட்டதோ என்று பார்த்தாள். பசியோடு இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.