சில்வஸ்டர் கேட்ட நான்கு டயர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத்தின் துணைத்தலைவர் கந்தன் அவர்களே, செயலாளர் ஜஸ்டஸ் அவர்களே, ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கி வைத்த பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மறைந்த தலைவர் சில்வஸ்டரின் மனைவி ஜூடித் டீச்சர் அவர்களே, குன்னூர் டாக்சி ஸ்டாண்டின் ஓட்டுநர்களே, எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் பஞ்சர் கடை சங்கிலியின் வணக்கம்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பேச்சை நானே என் கையால் எழுதினேன். பேசி முடித்ததும் தாளைச் சங்கத்தின் ஃபைலில் வைக்கப் போவதாகச் செயலாளர் சொன்னார். பிற்காலத்தில் அதை எடுத்துப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்து எஸ்டேட் ரோடு மாதிரி ஏறி இறங்கித்தான் போகும். சில இடத்தில் அழுத்தி எழுதித் தாளே கிழிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க டயர் உருட்டிய கை இது. போன வருடம்தான் முதியோர் வகுப்பில் பேனா பிடித்தது. மெதுவாகத்தான் வாசிப்பேன். அவசரம் உள்ளவர்கள் போகலாம். ஆனால் டயர் விஷயத்தில் இந்தச் சங்கத்தில் யாருக்கும் அவசரம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சில்வஸ்டரும் சிரித்திருப்பார்.

நம் தலைவர் சில்வஸ்டர் அவர்கள் யார்? நல்ல ஓட்டுநர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நல்ல மனிதர் என்றார்கள். கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவருடைய கடைசிக் காலம் முழுக்க எதற்காக அவர் மல்லுக்கு நின்றார் என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாசலில் அத்தனை பெரிய பேனர் வைத்திருக்கிறீர்கள். அதில் அந்தக் காருக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார். படத்தில் காரின் கீழ்ப்பாதி இல்லை. ஏன் இல்லை? கீழே டயர் இல்லை, கல் இருக்கிறது. கல் தெரியக்கூடாது என்று வெட்டிவிட்டீர்கள். பேனர் எந்த அளவில், எந்த நிறத்தில், எந்த இடத்தில் என்பதை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்தீர்கள். அந்தக் காருக்கு என்ன டயர் என்று மழைக்கு முன்னால் பேச ஆரம்பித்தோம். மழை போய்விட்டது, பனி வந்துவிட்டது, தலைவரும் போய்விட்டார். பேச்சு மட்டும் இன்னும் முடியவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்களாக்காரர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது அதை நம் சங்கத்துக்குக் கொடுத்தார். தாழ்ந்த கார், பெரிய இன்ஜின், வேகத்துக்கென்றே செய்தது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. வாடகைக்கு ஓட்டக்கூடாது, மலையில் இருக்கும் நோயாளிகளைக் கோவைக்குக் கூட்டிப்போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, டயருக்கும் டீசலுக்கும் வேண்டியதையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதனால் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காரில் அதிகமாகப் போய் வந்தவர் தேவி. பின்வரிசையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். கொழுந்து எடுக்கும் வேலை. வாரம் ஒரு நாள் கோவை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு, அன்றைக்கே மலை ஏறி வர வேண்டும். மருந்து ஏறின உடம்போடு பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வருவது எப்படி இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். இல்லை, கேட்க வேண்டாம். பஸ்ஸில் அவர் மடியில் வைத்துக்கொண்டு வரும் பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே போதும்.

காரில் டயர் தேய்ந்தபோது நாம் என்ன செய்தோம்? நம் வழக்கப்படி செய்தோம். இந்த மலையில் எல்லோருக்கும் ஒரே வழக்கம்தான். புது டயர் இரண்டு வாங்குவோம், முன்னால் போடுவோம், பழையது இரண்டும் பின்னால் கிடக்கும். வளைவில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், அதற்கு முன்னால்தான் புதுசு வேண்டும் என்போம். நம் அப்பன்மார் ஓட்டிய வண்டியிலும் அப்படித்தான், நம் டாக்சியிலும் அப்படித்தான். நானே என் கையால் அப்படித்தான் மாட்டினேன். இந்த ஸ்டாண்டில் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

பர்லியார் தாண்டி ஏறும்போது, தூறல் விழுந்த ரோட்டில், அந்தக் காரின் பின்பக்கம் தனியாகப் போனது. ஓட்டியது அஜய். பக்கத்தில் தலைவர். பின்னால் தேவியும் அவர் வீட்டுக்காரர் செல்லக்கண்ணுவும். அஜய் பேரில் ஒரு தப்பும் இல்லை, மெதுவாகத்தான் வந்தான் என்று தலைவர் என்னிடம் சொன்னார். கார் முழுசாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. பின்பம்பர் தடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் வெறும் மேகம். மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தேவி கண்ணைத் திறந்து கேட்டார்:

"ஏனுங்க, ஊடு வந்துருச்சுங்களா?"

தலைவர் சொன்னாராம்: "இன்னும் வரலீங்க. நீங்க தூங்குங்க. இனி இந்த வண்டி இப்படி ஓடாது."

மறுநாள் காலையில் அவரே ஜாக்கி வைத்தார். நான்கு சக்கரத்தையும் கழற்றினார். காரைக் கல்லின் மேல் நிறுத்தி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "நாலும் ஒண்ணா, ஒரே மாதிரி, புதுசா வந்தா சாவி வரும். இல்லீன்னா வராது" என்றார். அப்போது அவரை நாம் என்னென்ன பேசினோம்? திமிர் என்றோம். சங்கத்துக் காரை ஊட்டுக் கார் ஆக்கிவிட்டார் என்றோம். அவரோ தேவியைத் தன் சொந்த டாக்சியில் கோவைக்குக் கூட்டிப்போனார். சீசன் நாளில்கூட, டூரிஸ்டுகள் வரிசையில் நிற்கும்போதுகூட, அவர் வண்டி தேவியோடுதான் போனது.

டயர் பேச்சு தொடங்கியது. செயலாளர் ஜஸ்டஸ் அவர்கள் குடோனில் கிடந்த இரண்டு டயரைக் கொண்டு வந்தார். "புதுசு மாதிரியே இருக்குதுங்க, இதைப் பின்னால போட்டுட்டா முடிஞ்சுது" என்றார். எனக்கு அப்போதுதான் எழுத்து வந்திருந்த சமயம். டயரில் எதைப் பார்த்தாலும் வாய்விட்டு வாசிக்கிற சந்தோஷம். தமிழ் எழுத்து வகுப்பில் வந்தது, இங்கிலீஷ் எழுத்து டயரிலிருந்தே வந்தது. அந்த டயர் செய்த வருடம் அதன் ஓரத்திலேயே எண்ணாகப் போட்டிருக்கும். ஒவ்வொரு எண்ணாக நான் வாசித்து முடிக்கும்வரை கமிட்டி முழுக்கக் காத்திருந்தது. தலைவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அண்ணா வாசிச்சு முடிக்கறதுக்குள்ள இதுக்கு இன்னும் ஒரு வயசு ஆயிரும்."

ஜஸ்டஸ் கோபித்துக்கொண்டார். "உங்களை யாருங்கண்ணா படிக்கச் சொன்னது?"

நான் என்ன செய்ய? படிக்கத் தெரிந்துவிட்டால் படிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து அஜய். ஃபோனில் ஒரு படம் காட்டினான். பந்தயத்துக்குப் போடும் டயர், அகலமாக, வழவழவென்று இருந்தது. "தலைவரே, இந்த மாதிரி காருக்கு இதுதான். வீடியோவுல ஒரு ஜெர்மனிக்காரர் சொல்றாருங்க" என்றான். தலைவர் ஃபோனை வாங்கி நிதானமாகப் பார்த்தார். "நல்ல டயர்தான். அந்த ஜெர்மனிக்காரரை ஜனவரி மாசம் காலையில தலைகுந்தாவுக்கு வரச் சொல்லு. புல்லு மேல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும் பாரு, அந்தக் குளிர்ல இந்த ரப்பர் பலகையாட்ட ஆயிரும். அப்புறம் நாமளும் பலகைதான்" என்றார். அஜய் விடவில்லை. அதற்காக ஒரு கூட்டம் போட்டோம். அது முடியாமல் இன்னொரு கூட்டம் போட்டோம்.

அடுத்து நான். என்னை மட்டும் விட்டுவிட முடியுமா? நம் எஸ்டேட் ரோட்டில் கல் பெயர்ந்து கிடக்கிறது. அந்தக் காரின் டயருக்குப் பக்கச்சுவர் ஒல்லி. கல் பட்டால் கிழியும், கிழிந்தால் ஒட்ட முடியாது. அதனால் உயரமான, பட்டை தடித்த டயர் போடலாம் என்றேன். இப்போதும் சொல்கிறேன், நம் ரோட்டுக்கு அதுதான் சரி. ஆனால் ஒன்றை மாட்டி ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மட்கார்டில் உரசிக் கர்ரென்று சத்தம் வந்தது. ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலைவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

"சின்னப் பையனுக்கு அவங்கப்பன் ஸ்வெட்டரைப் போட்டு உட்ட மாதிரி இருக்குதுங்கண்ணா."

கழற்றிவிட்டேன். ரோட்டுக்குச் சரி, காருக்குச் சரியில்லை. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

அவர் கேட்டது என்ன? வானத்து நிலாவையா கேட்டார்? காரின் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவு என்னவோ அதே அளவு. வண்டியின் வேகத்தையும் பாரத்தையும் தாங்குகிற டயர். பந்தய டயர் வேண்டாம், தடித்த டயர் வேண்டாம், மழை ரோட்டில் தண்ணீரைக் கிழித்துத் தள்ளுகிற டயர். புதுசாகச் செய்தது. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். இவ்வளவுதான் கேட்டார். முன்னால் இரண்டு போதாதா என்று கந்தன் அவர்கள் கேட்டபோது அவர் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன்: "முன்னால வழுக்குனா ஸ்டியரிங் கைக்குச் சொல்லுமுங்க. பின்னால வழுக்குனா யாரும் சொல்ல மாட்டாங்க. தேவி அங்கதானே உக்காந்திருக்குது."

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ஆனால் கமிட்டி கேட்டது. கோவையில் ஒரு கடையில் விசாரிக்கலாம் என்றது. மேட்டுப்பாளையத்தில் இன்னொரு கடை என்றது. தீபாவளி போகட்டும் என்றது. கிறிஸ்துமஸ் போகட்டும் என்றது. அவருக்குச் சளி பிடித்து, காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். மூக்கில் குழாய் இருந்தது. குழாயை விலக்கிக்கொண்டு முதலில் கேட்டது இதுதான்:

"கமிட்டியில என்னங்கண்ணா பண்ணுனாங்க?"

"டீ குடிச்சாங்க" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. நர்ஸ் என்னைத் திட்டி வெளியே அனுப்பினார். கதவு வரை போனவனைக் கூப்பிட்டு, "அண்ணா, இந்த வாரம் தேவி எதுல போகுது?" என்றார். பஸ்ஸில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இல்லாமல் இல்லை. தலைவர்தானே, கமிட்டியைக் கேட்காமல் தானே போய் நான்கு டயரை வாங்கி வந்து போட்டிருக்கக்கூடாதா என்று கேட்டிருக்கிறேன். "சங்கத்து வண்டிங்கண்ணா. சங்கந்தான் முடிவு பண்ணோணும். நான் பண்ணுனா நாளைக்கு வர்ற தலைவர் குடோன் டயரைப் போடுவார், அவரையும் யாரும் கேட்க முடியாது" என்றார். பிடிவாதக்காரர். அவர் அப்படி விட்டதால்தான் அந்த வேலை இன்று நம் மடியில் கிடக்கிறது. நாம் அவரைப் புகழ்ந்து பேசிக்கொண்டே அதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் செயலாளர் நம்மை எழுந்து நிற்கச் சொல்வார். ஒரு நிமிடம் மௌனம் அனுசரிப்போம். எனக்குத் தெரிந்து, இந்தச் சங்கம் அந்தக் காரை வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கப் போகும் முதல் நிமிடம் அதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைவர் கேட்ட டயர், அவர் கேட்டபடியே, நான்கும் வாங்க யார் யார் சம்மதம் என்று இங்கேயே கை தூக்குங்கள். பேச வேண்டாம். எந்தக் கடை என்று கேட்க வேண்டாம். கை மட்டும் போதும். அஜய், நீயும் தூக்கு. உன் ஜெர்மனிக்காரருக்கு நான் வேண்டுமானால் எழுதிப் போடுகிறேன். ஜஸ்டஸ் அவர்களே, குடோன் டயர் இரண்டையும் என் கடைக்கு அனுப்புங்கள். வாசலில் ரோஜாத் தொட்டியாக வைத்துக்கொள்கிறேன்.

என் பங்குக்கு நான் உறுதி சொல்கிறேன். டயர் வந்தால் கூலி இல்லாமல் மாட்டித் தருவேன். பின்சக்கரத்தை முதலில் மாட்டுவேன். இந்தக் காருக்கு மட்டுமில்லை. இனி என் கடையில் யார் இரண்டு டயர் வாங்கி வந்தாலும் அதைப் பின்னால்தான் மாட்டுவேன். வழக்கம் என்று சொல்லிச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். பர்லியார் தாண்டி அந்தச் சுவரில் பம்பர் உரசின தடம் இன்னும் இருக்கிறது, பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

சாவி ஜூடித் டீச்சரிடம் இருக்கிறது. நேற்று தலைவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டேன். "அவர் சொன்னதுதாங்கண்ணா, நாலு டயரும் தரையைத் தொட்டா நானே கொண்டு வந்து தர்றேன்" என்றார். டீச்சரும் தலைவரைப் போலத்தான்.

அடுத்த வாரம் தேவி கோவைக்குப் போகிற நாளன்று விடியக்காலையில் நான் ஸ்டாண்டுக்கு வருவேன். கையில் இதே மாதிரி ஒரு தாள் எழுதிக்கொண்டு வருவேன். கார் தரையில் நின்றால் அந்தத் தாளில் "போய் வாங்க" என்று மட்டும் இருக்கும், அதைத் தேவியிடம் வாசித்துக் காட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். கல்லின் மேலேயே நின்றால், இன்றைக்கு எழுதியதைவிட நீளமாக எழுதியிருப்பேன், ஸ்டாண்டில் நின்று எல்லோர் பெயரையும் சொல்லி வாசிப்பேன். எனக்கு இப்போது எழுதத் தெரியும்.