டமாஸ்கஸ் குசினிச் சுவர்

“சிரியாவுல ஆட்சி கவுந்தது நல்லதுதான். ஆனா என் மானம் போகப் போகுது,” என்றார் தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த அம்மா. ஒட்டுக்கேட்பது சரியா என்று யோசித்துக்கொண்டே, மடியில் தூங்கிய மகளை அசைக்காமல் கேட்டேன்.

“என்னடி ஒளர்ற?” என்றார் கணவர்.

“அங்க வீட்டு வேலைக்குப் போனப்ப நான் வளத்த பாப்பா, ஜெர்மனியிலருந்து டமாஸ்கஸ் வீட்டைப் பாக்கப் போயிருக்கா. சண்டைக்குப் பயந்து ஓடுறப்ப அவளுக்கு நாலு வயசு. சமைக்கிற குசினிச் சுவத்துல நான் தமிழ்ல எழுதினத போட்டோ எடுத்து அனுப்பி, என்னன்னு கேக்குறா.”

“என்ன எழுதுன?”

“‘இந்தப் பிசாசு இன்னைக்கும் சாப்பிடல.’ அங்க தமிழ்ல சொல்லி அழ யாருங்க இருந்தா?”

கணவர் குலுங்கிச் சிரித்தார். “‘என் தங்கம்’னு எழுதினேன்னு சொல்லிரு.”

“வீட்டுல மிச்சம் நிக்கிறது அந்தச் சுவரு மட்டுந்தான். அதுலயும் பொய் சொல்லவா? உண்மையைச் சொன்னா புள்ள மனசு நோகுமே!”

அம்மா போனை வாயருகில் வைத்து அரபியில் நிறையப் பேசினார்.

“என்ன சொன்ன?”

“உள்ளதத்தான் சொன்னேன். இப்பவாவது ஒழுங்காச் சாப்பிடுறியாடின்னும் கேட்டேன்.”