தப்புப் பண்ணாத கை

புந்தோங் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கையுறை ஃபேக்டரிச் சட்டையோடு இரண்டு பேர். சன்னலோரம் இருந்தவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் காது அங்கே போனது.

“தப்புப் பண்ண கத்துக் குடுத்தேன் மச்சான், அந்த ஸ்கிரிப்டுக்கு.”

“என்னாத்துக்கு லா?”

“நான் வேலைக்கு வந்துட்டா வீட்டுக் கம்ப்யூட்டர்ல அந்த புரோகிராம்தான் எனக்குப் பதிலா கேம் ஆடும். ஒரே எடத்துல, ஒரே வேகத்துல கிளிக் பண்ணா மெஷின்னு கேம்காரன் கண்டுபிடிச்சிருவான். அதான் கொஞ்சம் தள்ளிக் கிளிக் பண்ணும், நடுவுல சும்மா நிக்கும். ஆளு மாதிரி.”

“அப்புறம் மாட்டிக்கிட்டேன்னியே, எப்படி?”

“அது மாட்டல லா. நாலு வருஷமா ஒருத்தனுக்கும் தெரியல. போன வாரம் லீவுல, நம்மளே ஆடுவோம்னு நாள் பூரா உக்காந்து நானே கிளிக் பண்ணேன். சாயங்காலம் அக்கவுண்ட்ட மூடிட்டான். மெஷின் ஆடுதாம்.”

கூட்டாளி சீட்டே குலுங்கச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

“நாந்தான் ஆடுனேன்னு எழுதிப் போட வேண்டியதுதான?”

“போட்டேன். ஆளு இப்படி ஆட மாட்டான்னு பதில் வந்துச்சு. மூணு செகண்டுக்கு ஒண்ணு, காலையிலேருந்து ஒண்ணுகூட பிசகலயாம்.”

“மூணு செகண்டா?”

“நம்ம லைன்ல குளோவ் வர்ற வேகம் லா அது. பதினொரு வருஷம் ஆச்சே.”

கூட்டாளியின் சிரிப்பு நின்றது. சீட்டுக் கம்பியில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்த தன் விரலை எடுத்து, இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.