துடுப்பெட்டும் தூரம்

எனக்கு நீச்சல் தெரியாது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீச்சல் தெரியாதவன் ஒருவரை ஏரி கடக்க எப்படிப் பழக்கினான் என்று கேட்பீர்கள். நான் பழக்கவில்லை சார், பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். சொன்னதைச் செய்தாயா என்று கேட்கத்தான் ஆள் கிடையாது.

பிஸ்கட் ஆலையில் தரம் பார்க்கிறவன் நான். பெல்ட்டில் ஓடி வருவதில் விளிம்பு உடைந்தது, கருகியது எல்லாவற்றையும் கண்ணால் பிடித்து ஒதுக்க வேண்டும். அந்தக் கண் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் மூடாது. எங்கள் ஃபிட்டர் ஒருமுறை, "நான் சிகரெட்டை விடணும்ணே, நீங்கதான் என்னைக் கவனிச்சுக்கணும்" என்றார். கவனித்தேன். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், அவர் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தேன். அதோடு விட்டார். இன்றுவரை தொடவில்லை. என்னோடு பேசுவதையும் விட்டுவிட்டார். காரியம் முடிந்தால் கறிவேப்பிலைதானே, நான் வருத்தப்படவில்லை.

என் தங்கை கணவர் பேருந்து ஓட்டுகிறவர். உட்கார்ந்தே இருக்கிற வேலை, நல்ல பசி. டிப்போவில் அவருக்கு 'டபுள் சீட்' என்று பெயர். அவரே சொல்லிச் சிரிப்பார். சின்ன வயதில் நன்றாக நீந்தியவராம். ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஏரியை ஒரு தடவையாவது குறுக்கே கடக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், நான் வாய்ச்சொல் வீரன். உங்க தங்கச்சியைக் கேட்டுப் பாருங்க. நீங்க கூட இருந்தாத்தான் இது நடக்கும். நான் கெஞ்சினாலும் விட்டுடாதீங்க."

"கெஞ்சினாலுமா மாப்பிள்ளை?"

"கால்ல விழுந்தாலும்."

தங்கை சிரித்தாள். "அண்ணன்கிட்டப் போய் இப்படி வாக்குக் கொடுக்கிறீங்களே, பாவம் நீங்க" என்றாள்.

நான் அரைகுறையாக எதையும் செய்வதில்லை. விடியும் முன் அவர் வாசலில் நிற்பேன். அவர் நீந்துவார், நான் கரையில் நடப்பேன். மதியம் டிப்போவுக்குப் போய் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். ஒருநாள் பேருந்தில் பயணிகள் உட்கார்ந்திருக்கும்போதே அவர் இடுப்பை நாடாவால் அளந்தேன். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் ஒரு நல்ல மருந்து சார். கசக்கும், ஆனால் கேட்கும்.

கேட்டது. தொப்பை கரைந்தது. சட்டைகளைத் தங்கை பிடித்துத் தைத்தாள். டிப்போவில் பட்டப்பெயரை விட்டுவிட்டார்கள். ஏரியில் பாதி தூரம் போய்த் திரும்பினார், பிறகு அதற்கும் மேலே. அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் குடும்பம் இல்லை. காலையில் ஒருவர் என்னைக் கண்டதும் நிமிர்ந்து நிற்பது சின்ன விஷயமில்லை.

அப்புறம் ஒருநாள் தங்கை ஆலை வாசலுக்கே வந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க போன் வந்தாலே அவருக்குக் கை நடுங்குது. பஸ் ஓட்டுற மனுஷன். இனிமே அவரே பாத்துக்குவார், விட்டுடுங்க."

"அவர் சொல்லி அனுப்பினாரா?"

அவள் திரும்பி நடந்துவிட்டாள். அன்று மாலை மாப்பிள்ளையே வந்தார். உட்காரக்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமை கடந்துடுறேன் மச்சான். நீங்க படகு மட்டும் ஓட்டுங்க. அதோட போதும். இதுக்கப்புறம் நான் தனியாவே பாத்துக்கிறேன்" என்றார். பணிவாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள், கோபம் இல்லை. ஏணியில் ஏறி முடித்தவன் ஏணியை உதைப்பது உலக வழக்கம்.

ஞாயிறு காலை காற்று கொஞ்சம் இருந்தது. வாடகைப் படகு, இரண்டு துடுப்பு. அவர் முன்னால் நீந்த நான் பக்கவாட்டில் வந்தேன். நடு ஏரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு கை வீச்சு கோணலானது. விளிம்பு உடைந்ததை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அவர் நின்றார், ஒரு கையைத் தூக்கினார்.

"மச்சான், கால் புடிச்சுக்கிச்சு. கிட்ட வாங்க."

நான் துடுப்பை இரண்டு தடவை வலித்தேன். படகு விலகியது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் படகு விலகிப் போனதைப் பார்த்தேன் என்று சொன்னாரே, அவர் சொன்னது சரி. காற்று தள்ளியது என்று நான் சொன்னதுதான் தப்பு.

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். "விளையாடாதீங்க மச்சான்" என்றார்.

"கெஞ்சினாலும் விடாதீங்கன்னு சொன்னது யாரு மாப்பிள்ளை?"

நீங்கள் இரண்டு நாளாக இந்த இடத்திலேயே நிற்கிறீர்கள். அவர் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தேன், கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. தண்ணீரில் இறங்குவதற்கு முன் சட்டையை மடித்து என் கையில் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார். "பழைய பேச்செல்லாம் வேண்டாம் மச்சான். முடியலன்னா கை தூக்குவேன். உடனே ஏத்திக்கங்க. நான் வீட்டுக்குப் போகணும்." நான் சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்குத்தான் கடைசி வாக்கு. அது எனக்குத் தெரியும்.

அவர் எப்படியோ படகு வரைக்கும் வந்துவிட்டார். நல்ல உடம்பு, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய உடம்பு. விளிம்பைப் பிடித்தார். நான் அடிக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஈரத்தில் ஊறி மெத்தென்று இருந்தன. பிறகு துடுப்பெட்டும் தூரத்தில் படகை நிறுத்தினேன்.

"என்ன வேணும் உங்களுக்கு? என்ன சொல்லணும், சொல்லுங்க, சொல்லிடுறேன்" என்றார்.

"நீங்க இல்லாம என்னால முடியாதுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் சொன்னார். தண்ணீர் வாயில் போனதால் பாதிதான் கேட்டது. தெளிவாகச் சொல்லுங்கள் என்றேன். மறுபடி சொன்னார். அது எனக்குத் திருப்தியாக இருந்தது சார், மறைக்கவில்லை. உடனே துடுப்பை நீட்டினேன். நீட்டியபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கை கடுத்தது. பிடிக்க யாரும் மேலே வரவில்லை.

ஆகவே அவரைக் கொன்றது நான்தான். ஏரியும் இல்லை, கால் பிடிப்பும் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். தங்கை அன்றிலிருந்து சாப்பிடுவதில்லையாம், தலைகூட வாருவதில்லையாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். துக்கத்தில் அப்படித்தான் பேசுவாள். அவளுக்கு இப்போது பக்கத்தில் நின்று, சாப்பிட்டாயா, எழுந்தாயா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். என்னை எப்போது விடுவீர்கள்?