ஐந்தாவது இடம்

“அஞ்சாவத ஆஃப் பண்ணிப் புடுங்கி எட்டாவதுல சொருவு. எட்டாவத அஞ்சாவதுல சொருவு.”

பழவேற்காட்டிலிருந்து மீஞ்சூர் போகும் பேருந்தில், என் முன்னால் இருந்த பெண் கைப்பேசியில் சொன்னாள். பக்கத்தில் அவள் அப்பா, மடியில் சம்பந்தி வீட்டுக்கான இறால் பையோடு. அதுவரை மீஞ்சூரில் வாழ்க்கைப்பட்ட மூத்தவளைப் பற்றித்தான் பேசினார்கள், ஒட்டுக்கேட்கத் தேவையில்லாத சத்தத்தில். மாமியார் வீட்டில் அவள்மேல் ஓயாத குறையாம். அனுசரித்துப் போகச் சொல்லிவிட்டு வரத்தான் பயணம்.

“இன்னாமா அது?”

“எங்க ஆபீஸ் சர்வர், நைனா. பிளேடுனு பேரு. ஒரே பொட்டில பலகை மாரி வரிசையா சொருவியிருக்கும். அஞ்சாவது மட்டும் ஓடல. பலகை கெட்டுப்போச்சா, அந்த எடம் கெட்டுப்போச்சானு மாத்தி வெச்சாத்தான் தெரியும்.”

“ஏரில மொற மாத்தி வலை போடுறோமே, அப்டி. எனக்கு ஒன்னும் படாத எடத்துல மறுநாளு அடுத்தவனுக்கும் படலைன்னா, என் வலை மேல குத்தம் இல்ல.”

“அதேதான்.”

கைப்பேசி மறுபடி அடித்தது.

“எட்டாவதுல வெச்சதும் ஓடுதா? அஞ்சாவதுல வெச்ச நல்லது செவப்பு லைட்டு காட்டுதா? அப்ப எடம்தான் கோளாறு. அந்த பிளேட கழிச்சுக் கட்டாதீங்க, அது நல்லாத்தான் கீது.”

காட்டூர் தாண்டியதும் அப்பா இறால் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

“பஸ் ஸ்டாண்டுல பெரிய பையா ஒன்னு வாங்கணும்மா. உங்கக்கா துணிமணியெல்லாம் எடுத்தாரணும்.”

“இறாலு?”

“நம்ம ஊட்லயே ஆக்கிக்கலாம்.”